கோலும் நூலும்

அரசர் போரிட்டதற்கும் கோயில் எடுத்ததற்கும் கல்வெட்டு உண்டு. அவர் விடியற்காலையில் எழுந்து எதனைக் கொண்டு பல் விளக்கினார் என்பதற்குக் கல்வெட்டு இல்லை. ஆயினும் மனிதன் உண்ணத் தொடங்கிய நாள் முதலாகப் பல்லோடு போராடியே வந்திருக்கிறான். அப்போராட்டத்தின் வரலாறு மண்ணுள் புதைந்த எலும்புகளிலும், அறநூல்களிலும், யாத்திரிகர் எழுதிவைத்த குறிப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது. அதனுள் ஒரு சிறு பகுதியை, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கைத் தூய்மை செய்யும் வழக்கத்தின் வரலாற்றை, இங்கே எடுத்துக்கொள்வோம்.

இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பல் மருத்துவரிடம் செல்வோர் பலர், இடுக்குகளை நாள்தோறும் நூலிட்டுத் துலக்குமாறு அறிவுரை பெற்று வீடு திரும்புகிறார்கள். முயன்றும் பார்க்கிறார்கள். விரலில் சுற்றிய நூல் விரலையே இறுக்குகிறது. கடைவாய்ப் பல்லுக்குக் கை எட்டவில்லை. ஈறில் குருதி கசிகிறது. நான்காம் நாள் நூற்சுருள் அலமாரிக்குள் போய்விடுகிறது. பிறகு உண்டபின் இடுக்கில் எதுவேனும் சிக்கினால் ஊக்கு, குண்டூசி, தீக்குச்சி ஆகியவற்றுள் கைக்குக் கிடைத்தது வாய்க்குள் நுழைகிறது. ஐம்பது வயதிலே கடைவாய்ப் பற்கள் ஆடத் தொடங்கியபின், “நூலிடச் சொன்னார்கள், என்னால் முடியவில்லை” என்று வருந்துவோரை நம் உறவினருள்ளேயே காண்கிறோம். நூல் ஒவ்வாதவர்க்கு வேறு வழி உண்டா? உண்டெனின் அது தாழ்ந்த வழியா? இவ்வினாக்களுக்கு மருத்துவ நூல் தரும் விடையோடு வரலாறு தரும் விடையும் சேரும்போதுதான் மனம் தெளிகிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓல்டுவாய் என்னும் பள்ளத்தாக்கிலே கிடைத்த, ஏறத்தாழ 18 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பல்லொன்றின் பக்கத்தில் மெல்லிய பள்ளக்கோடு தேய்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். மீண்டும் மீண்டும் குச்சியை இடுக்கில் விட்டுக் குடைந்ததால் ஏற்பட்ட தேய்வு அது என்பது அவர்கள் கருத்து. மெசொப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளிலே, சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன், பொன்னால் செய்த பல்குத்திகளை இறந்தவரோடு புதைத்தனர். நம் ஹரப்பாவிலும் செம்பாலான சிறு கருவித் தொகுதி ஒன்று கிடைத்தது. கூர்முனை ஊசி, காதுக்குறும்பி எடுக்கும் கரண்டி, முள் பிடுங்கும் சாமணம் ஆகியவை சேர்ந்த தொகுதி அது. அந்த ஊசி பல்லுக்குப் பயன்பட்டதா, வேறெதற்கேனும் பயன்பட்டதா என்று செம்பு பேசாது. ஆனால் பல்குத்தி, குறும்பிவாங்கி, முள்வாங்கி என்று மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்த வெள்ளிக் கருவியைப் பாட்டன்மார் இடுப்பிலும் பாட்டிமார் சுருக்குப்பையிலும் கண்டவர்கள், அந்த ஹரப்பாத் தொகுதியைப் பார்த்தவுடன் வீட்டுப் பொருளைப் பார்த்ததுபோல் மகிழ்வார்கள்.

இனித் தமிழ் நூலுக்கு வருவோம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, பெருவாயின் முள்ளியார் இயற்றியது. காலையில் எழுவது முதல் இரவில் படுப்பது வரை ஒருவன் ஒழுகவேண்டிய முறைகளைச் சொல்லும் அந்நூல், விடியலில் கோல் தின்று, கண் கழுவி, பின் தெய்வத்தைத் தொழுக என்று கூறுகிறது. பல் துலக்குதலை இங்கே ‘கோல் தின்னுதல்’ என்று சொல்லியிருப்பது கருதத்தக்கது. குச்சியின் நுனியைப் பல்லால் மென்று நாராக்கி, அந்த நாரினாலே பல்லைத் தேய்க்கும் செயல் முழுவதும் அவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. மெல்லுவதும் துலக்குவதும் ஒரே செயலாக இருந்த காலம் அது. இன்று கையில் தூரிகையை எடுக்கும் நமக்கு, ‘தின்று’ என்பது விசித்திரமாகத் தோன்றலாம்.

வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை அக்கோலுக்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. பன்னிரண்டு விரற்கடை நீளம், சுண்டுவிரற் பருமன், முடிச்சு இல்லாமை என்பன அதன் உறுப்புகள். சுவைக்கு ஏற்ப மரமும் சொல்லப்படுகிறது. கசப்பில் வேம்பு, துவர்ப்பில் கருங்காலி, இனிப்பில் இலுப்பை, கார்ப்பில் புங்கு ஆகியவை சிறந்தவை என்பது அந்நூலின் தீர்ப்பு. பல்லில் கட்டிய காரையைச் சுரண்டி எடுக்கத் தந்தசங்கு என்னும் தனிக் கருவியும் அதிலே கூறப்படுகிறது. கோலால் போகாத அழுக்கு ஒன்று உண்டு என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

பௌத்த சங்கத்தின் ஒழுக்க நூலாகிய விநய பிடகத்தில் ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. துறவியர் பற்கோல் பயன்படுத்தலாம் என்று புத்தர் இசைவு தந்தார். உடனே சிலர் நீண்ட கோல்களை வெட்டிவந்து, பல் துலக்கியது போக, அவற்றாலேயே இளந்துறவியரை அடிக்கவும் தொடங்கினர்! எட்டு விரற்கடைக்கு மேல் கோல் கூடாது என்று விதி பிறந்தது. பின்னர் ஒருவர் மிகக் குறுகிய கோலை மென்றபோது அது தொண்டையில் சிக்கிக்கொண்டது. நான்கு விரற்கடைக்குக் குறையவும் கூடாது என்று மற்றொரு விதி பிறந்தது. சட்டங்கள் பெரும்பாலும் இவ்வாறே உண்டாகின்றன என்பதை அரசாங்க அலுவலகத்திலே காலம் கழிப்பவர்கள் ஒப்புவார்கள்.

கி.பி. 671-இல் சீனத்திலிருந்து கடல்வழியே புறப்பட்டு, நாளந்தாவிலே பல்லாண்டு பயின்ற துறவி இட்சிங், இந்தியர் பல் துலக்கும் முறையை வியந்து எழுதியிருக்கிறார். கோலின் நீளம் பன்னிரண்டு விரற்கடை, குறைந்தால் எட்டு. ஒரு முனையை நன்கு மென்று பல்லைத் தேய்க்க வேண்டும். பின் கோலைப் பிளந்து வளைத்து நாக்கை வழிக்க வேண்டும் என்றெல்லாம் அவர் விவரிக்கிறார். காலையில் மட்டுமன்றி உணவுக்குப் பின்னும் இக்கோலால் வாயைத் தூய்மை செய்ய வேண்டும் என்பது அவர் கண்ட முறை. இவ்வழக்கத்தால் இந்தியாவில் பல்வலி அரிது என்றும் சொல்கிறார். இப்பாராட்டை முழுதும் நம்பவேண்டியதில்லை. விருந்தினர் சொல்லும் புகழ் எப்பொழுதும் சற்று மிகையானதே. தம் நாட்டார் இக்கோலைத் தவறாக ‘வில்லோ மரக்கிளை’ என்று வழங்குகின்றனர், இந்தியாவில் அம்மரம் மிக அரிது என்றும் அவர் திருத்துகிறார்.

அவர் திருத்தியும் அப்பிழை நிலைத்துவிட்டது. பௌத்தத்தோடு ஜப்பானுக்குச் சென்ற பற்கோலுக்கு அங்கே ‘யோஜி’ என்று பெயர். அதன் எழுத்துகளுக்கு வில்லோக்கிளை என்பதே பொருள். நெடுங்காலம் அங்கும் ஒரு முனை நாராக்கப்பட்ட கோலே வழங்கியது. நாளடைவில் கோல் குறுகிக் குறுகி, இன்று ஜப்பானில் ‘யோஜி’ என்றால் உணவு மேசையில் இருக்கும் சிறு பல்குத்தி என்றே பொருள்படுகிறது. பல்லின் முகத்தைத் தேய்க்கப் புறப்பட்ட இந்தியக் கோல், கடல் கடந்து போய்ப் பல்லின் இடுக்கைக் குடையும் ஊசியாக மாறிய கதை இது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதைவிடச் சுவையான கதை கிடைப்பது அரிது. சொல் மாறாமலே இருந்தது. பொருள்தான் தேய்ந்து தேய்ந்து வேறாயிற்று.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வேப்பங்குச்சியின் பெருமை பேசுவோர், நம் முன்னோர்க்கு வேறெதுவும் தேவைப்படவில்லை என்று முடித்துவிடுகின்றனர். நாராக்கிய கோல் பல்லின் வெளிப்புறத்தை நன்கு துலக்கும். வேம்பின் சாறு வாய்க்கு நலம் செய்யும். பற்கோல் வழங்கும் நாடுகளில் அவ்வழக்கத்தைத் தொடரலாம் என்று 1986-இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ஆனால் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரு பற்களின் உட்பக்கத்துக்குள் கோலின் நார் நுழையாது. இன்றைய தூரிகையின் மயிரும் நுழையாது. அவ்விடத்துக்கு நம் முன்னோர் வைத்திருந்தது துரும்பு, ஈர்க்கு, செல்வர் வீட்டில் வெள்ளிப் பல்குத்தி ஆகியவையே. இவை சிக்கிய நாரை எடுக்கும். ஆனால் அங்கே கேடு செய்வது நார் மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒட்டும் படலமாகப் பல்லின் பக்கத்தில் படிகின்றன. அப்படலம் தங்கினால் ஈறு வீங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. பல்லில் சொத்தையே இல்லாத முதியவர்க்கும் பற்கள் ஆடி விழுவது இதனாலேதான். நல்ல வேப்பமரம் வாசலிலே நின்ற வீடுகளிலும் பொக்கை வாய்ப் பாட்டன்மார் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

இனி நூலின் வரலாறு. கோலோடு ஒப்பிட்டால் அது நேற்றுப் பிறந்த குழந்தை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் லீவை ஸ்பியர் பார்ம்லி, 1819-இல் வெளியிட்ட நூலிலே, மெழுகு பூசிய பட்டு நூலைப் பல்லிடுக்குகளில் செலுத்தித் துடைக்குமாறு அறிவுறுத்தினார். தூரிகையால் போகாத அழுக்கே நோய்க்கு மூலம் என்பது அவர் கொள்கை. 1882-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கம்பெனி ஒன்று பட்டு நூலைச் சுருளாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1898-இல் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியார் அதற்குக் காப்புரிமை பெற்றனர். இரண்டாம் உலகப் போரில் பட்டு அரிதாயிற்று; அதன் இடத்தை நைலான் பிடித்தது. நைலான் நூலின் உயர்வை வற்புறுத்திய சார்லஸ் பாஸ் என்பவரும் அதே நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மருத்துவப் பேராசிரியரே. தம் ஈறே நோயுற்றபின் அவர் முதுமையில் இவ்வாராய்ச்சியிலே இறங்கினார். எனவே நூல் என்பது வேதவிதியன்று. ஒரு நகரத்தில் தோன்றி, ஒரு போரின் விளைவாக மலிந்து, உலகெங்கும் பரவிய ஒரு கருவியே. அது வருமுன்பும் வேறு கருவிகள் இருந்தன. வந்தபின்பும் வேறு கருவிகள் தோன்றியுள்ளன.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இக்கதையில் தனி ஈடுபாடு இருக்கலாகும். வடநாட்டு ரயில் நிலையங்களில் ‘தாதுன்’ என்று கட்டுக்கட்டாக வேப்பங்குச்சியும் கருவேலங்குச்சியும் விற்கக் கண்டவர்கள் நம் ஊர் நினைவு வரப் பெற்றிருப்பர். ஆலையும் வேலையும் பல்லின் உறுதியோடு இணைத்துப் பேசும் நம் பழமொழியின் வேல் அந்தக் கருவேல்தான். பெங்களூரிலோ மரங்களுக்குக் குறைவில்லை. நகருக்கு மேற்கே ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பில் விழுதூன்றிய ‘தொட்ட ஆலத மர’ என்னும் பேராலமரம் இருக்கிறது. வீதியோரங்களில் சுசுருதர் புகழ்ந்த புங்கு நிழல் தருகிறது. கன்னடர் அதனை ‘ஹொங்கெ’ என்பர். யுகாதி நாளில் வேம்பையும் வெல்லத்தையும் சேர்த்துப் ‘பேவு பெல்ல’ என்று வழங்குவதை இங்கு வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அறியும். நம் வகரம் இவர்கள் நாவில் பகரமாகிறது. வேம்பு பேவு ஆகிறது, வெல்லம் பெல்ல ஆகிறது. நம் பகரமோ ஹகரமாகிறது. பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. பழங்கன்னடத்தில் அதுவும் பல்லாகவே இருந்தது. 1809-இல் ஆங்கிலேயர் பாளையம் அமைத்தபோது ‘தண்டு’ப் பகுதியில் வந்து குடியேறிய தமிழ்ச் சிப்பாய்களும் வணிகரும் இச்சொற்களைக் கேட்டு எவ்வளவு விரைவில் பழகியிருப்பர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

குச்சியால் ஆகாததற்கு மருத்துவரை நாடவும் இந்நகரில் வழி உண்டு. 1948-இல் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியதன்பின் நாடெங்கும் பல் மருத்துவக் கல்விக்கு ஒழுங்கு ஏற்பட்டது. பெங்களூரில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி 1958-இல் தோன்றியது. கார்த்திகை மாதக் கடைசித் திங்களில் பசவனகுடியில் கூடும் கடலைக்காய்த் திருவிழாவுக்கு மறுநாள் பல் மருத்துவர்களுக்குக் கூடுதல் வேலை இருக்குமோ என்று நான் ஐயுறுவதுண்டு. வறுத்த கடலையைப் போலப் பல்லிடுக்கை நன்கு அறிந்த பொருள் வேறில்லை.

மாற்றுக் கருவி எது என்னும் வினாவுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி பரவிற்று. நூலிடுதலால் நன்மை என்பதற்குத் திடமான ஆராய்ச்சிச் சான்று இல்லை என்று செய்தியாளர் எழுதினர். அந்நாட்டு அரசாங்கத்தின் உணவு வழிகாட்டி நூலிலிருந்தும் அவ்வறிவுரை நீங்கியிருந்தது. நூலை வெறுத்தோர் பலர் மகிழ்ந்தனர். ஆனால் செய்தியின் பொருள் வேறு. நடந்த சோதனைகள் சிறியவை, குறுகிய காலத்தவை என்பதே அதன் சாரம்; இடுக்கைத் துலக்க வேண்டாம் என்று யாரும் கூறவில்லை. 2019-இல் காக்ரேன் என்னும் ஆய்வு அமைப்பினர் 35 சோதனைகளை ஒருங்குவைத்து ஆராய்ந்தனர். தூரிகையோடு நூலையோ இடுக்குத் தூரிகையையோ சேர்த்துக்கொள்வது, தூரிகை மட்டும் பயன்படுத்துவதைவிட ஈறழற்சியைக் குறைக்கக்கூடும் என்றும், இடுக்குத் தூரிகை நூலினும் மேலாக இருக்கக்கூடும் என்றும் அவர்கள் கூறினர். சான்றின் வலிமை குறைவு என்பதையும் அவர்களே குறித்தனர். ஐரோப்பிய ஈற்று மருத்துவ அறிஞர்களோ, 2014-இல் கூடிய ஆய்வரங்கில், இடம் கொள்ளுமிடத்தில் இடுக்குத் தூரிகையே முதற்கருவி என்று முடிவு செய்திருந்தனர்.

இடுக்குத் தூரிகை என்பது மெல்லிய கம்பியைச் சுற்றி நுண்மயிர் பதித்த சிறு கருவி. பார்ப்பதற்குப் பாட்டில் கழுவும் தூரிகையின் பேரக்குழந்தை போலிருக்கும். அதன் மேன்மைக்குக் காரணம் எளிது. வயது ஏறும்போது ஈறு சற்றுக் கீழிறங்கி, பல்லின் வேர்ப்பகுதி வெளிப்படுகிறது. அவ்வேரின் பக்கம் தட்டையானதன்று, உட்குழிந்தது. இழுத்துப் பிடித்த நூல் குழியின் இரு கரைகளைத் தொட்டுச் செல்லுமேயன்றி அடியைத் தொடாது. நுண்மயிரோ குழிக்குள் விரிந்து துடைக்கிறது. ஆகவே நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்க்கும், பல்லிடையே வெளி விழுந்தவர்க்கும் நூல் கைவரவில்லை என்பது குறையே அன்று. அவர்க்குரிய கருவி வேறு என்பதே உண்மை. பற்கள் நெருங்கி நிற்கும் இளைஞர்க்குத்தான் நூல் இன்றியமையாதது, ஏனெனில் அவ்விடுக்கில் வேறெதுவும் நுழையாது. விரலில் சுற்ற இயலாவிடில், கவண்போன்ற கைப்பிடியில் நூலைக் கட்டி விற்கிறார்கள், அதனைக் கொள்ளலாம்.

தூரிகையின் அளவைத் தேர்வதிலேதான் கருத்து வேண்டும். இடுக்குகள் எல்லாம் ஒரே அகலம் உடையவை அல்ல. முன்பல்லுக்கு ஒன்றும் கடைவாய்க்கு ஒன்றுமாக இரண்டு அளவு தேவைப்படுவது இயல்பு. மயிர் பக்கங்களைத் தொட்டு நுழைய வேண்டும். கம்பி பல்லை உரசக் கூடாது. வலிந்து செலுத்தவும் கூடாது. முதன்முறை மருத்துவரே அளந்து சொல்வது நல்லது. தொடக்கத்தில் சில நாள் குருதி கசிவது வீங்கிய ஈற்றின் குறி. துலக்கத் துலக்க அது நிற்கும், நில்லாவிடில் மருத்துவரைக் காணவேண்டும். “இடுக்கு அகன்றுவிட்டதே” என்று சிலர் அஞ்சுவர். பெரும்பாலும் வீக்கம் வடிந்ததால் உள்ள இடைவெளி வெளித்தெரிகிறது, அவ்வளவே. முக்கோண வடிவில் சீவிய மென்மரக் குச்சியும் சிலர்க்கு உதவும். அது பழைய பல்குத்தியின் திருத்திய வடிவம். 1962-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பல் மருத்துவரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய நீர்ப்பீச்சு, கைவிரல் மடங்காத முதியவர்க்கும் பல்லில் கம்பி கட்டிய சிறுவர்க்கும் ஏற்றது. விலை மிகுதி என்பதே அதன் குறை. ஊக்கையும் குண்டூசியையும் மட்டும் எவர்க்கும் எந்நாளும் பரிந்துரைக்க இயலாது; வெள்ளிப் பல்குத்தியும் இனி அலமாரியிலேயே அழகாக இருக்கட்டும்.

இக்கருவிகளுக்குத் தமிழ்ப்பெயர் இன்னும் நிலைபெறவில்லை. சுகாதாரத் துண்டுப் பிரசுரங்களை மொழிபெயர்க்கும்போது இத்தொல்லை புலப்படும். ‘நாள்தோறும் நூல் பயன்படுத்துக’ என்று எழுதினால் படிப்பவர் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிடுவார். ‘பல்லிடுக்கு நூல்’ என்றால் பொருள் விளங்கும், நாவுக்குச் சற்று நீளம். இடுக்குத் தூரிகை என்று இங்கே நான் எழுதியிருப்பது ஒரு முயற்சி. இதனினும் நல்ல சொல் யாருக்கேனும் தோன்றினால் வழங்கட்டும். மருந்துக் கடையில் மட்டும் ‘இன்டர்டென்டல் பிரஷ்’ என்றே கேட்க வேண்டும். அப்படியும் கடைக்காரர் விழித்தால், பெங்களூரில் இருப்பவர்கள் பல்லைக் காட்டி ‘ஹல்லு’ என்று சொல்லி, இரு விரலை நெருக்கி இடுக்கைக் காட்டலாம்.